பூவாணிக்குளத்தார் காருக்குக் கூரை போட்ட கதை

பூவாணிக்குளத்துப் பந்தல்காரர்கள் மூவர் என்று சொல்வாரும் உண்டு. நால்வர் என்று சொல்வாரும் உண்டு. இரு தரப்பாரும் நேர்மையானவர்களே. நான்காமவர் கதையின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தார். வேறுபாடு அதனால் வந்தது. இங்கே நால்வர் என்றே கொள்வோம்.

மேஸ்திரி கொம்பையா யோசிப்பவர். மாசானம் கயிறு முறுக்குபவர். பிச்சாண்டி யோசனைகளுக்கு ஆமாம் சொல்பவர். நான்காமவர் வேலாண்டி, அந்தக் குழுவின் மேலாள். கயிறு போல் ஒல்லியானவர். பந்தலின் உச்சியில் ஏறிக் கடைசி முடிச்சுப் போடுவது அவர் வேலை.

மேலாளுக்கு ஒரு முறை உண்டு. வலது காலை வைத்து ஏறுவார். வேலை முடிந்தபின் வீட்டுக்காரர் வந்து பார்த்து மனம் நிறைந்து, "இறங்கு" என்று தம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இறங்குவார். சொல்லும்படி நினைவூட்டக் கூடாது. கேட்டு வாங்கிய வார்த்தை செல்லாது. வேலாண்டியின் தகப்பனார் ஏறியிருந்த ஒரு பந்தலின் சொந்தக்காரர் மறதியாகத் திருச்செந்தூருக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை தகப்பனார் பந்தல் மேலேயே இருந்தார் என்பதில் எல்லாரும் உடன்படுகிறார்கள். அங்கிருந்தபடியே தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தார் என்பதைச் சிலர் மட்டும் சொல்கிறார்கள்.

இனி காரைப் பற்றி. கருவேலங்குறிச்சியில் எண்ணெய் ஆலை வைத்திருந்த பிரமநாயகத்திடம், ஜெர்மன்காரன் சண்டைக்கு முன்பு அவர் தகப்பனார் வாங்கிய சீமைக் கார் ஒன்று இருந்தது. அதன் கூரை தகடு அல்ல. குறுக்கே வளைந்த மரவில்கள். அவற்றின்மேல் மெழுகு பூசிய கித்தான். உள்பக்கத்தில் வில்களை மறைத்து இழுத்துக் கட்டிய கம்பளித் துணி. உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் அந்த உள்துணியும், நடுவில் ஒரு சிறு விளக்கும் தெரியும்.

தெரியும் என்பது பழைய நிலவரம். பிரமநாயகம் பல ஆண்டுகளாகக் கார் நின்ற கொட்டகைப் பக்கம் போகவில்லை. கறையான் வில்களைத் தின்றது. எலி உள்துணியில் குடும்பம் வைத்தது. இது தெரியாமல் அவர் தம் மகள் உலகம்மையின் கல்யாணப் பேச்சில், "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்க அப்பா வாங்கின மூடு கார் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை கைலாசம் பரம சாது. அவரால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை அவருடைய தாய்மாமன் சிதம்பரதாணு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முறை தவறியது என்று தெரிந்தால் சாப்பிடும் இலையை மூடாமலே எழுந்து போய்விடுவார். அவர் எழுந்ததால் நின்றுபோன கல்யாணங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு.

அவர் சபையில் சொன்னார்: "சொன்ன கார்லதான் வரணும். என் மச்சான் கல்யாணத்துல தெறந்த கார்ல ஊர்வலம் விட்டாவ. மழையில நனஞ்சு, தாலி கட்டையில ஓயாத தும்மல். மூணாவது முடிச்சு எங்க விழுந்துதுன்னு இன்னிக்கும் தெரியாது. இந்தத் தடவை மாப்பிள்ளை தலையில ஒரு சொட்டு விழுந்தா, அங்கனயே திரும்பிப் போயிருவோம். முறைன்னா முறைதான்."

பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "எலே, பொண்ணு வீட்டுல என்ன நடந்தாலும் நீ வாயைத் தொறக்கப்படாது" என்றார். கைலாசம் அப்போதே வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கொட்டகையைத் திறந்த பிரமநாயகம் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மதுரையில் கார்க்கூரை தைப்பவருக்கு ஐப்பசி வரை கை ஒழியாது, கல்யாணமோ ஆவணியில். பெண்ணின் கல்யாணம் எலி தின்ற ஒரு துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் யாரோ பூவாணிக்குளத்தாரைச் சொன்னார்கள்.

"கூரை போடத் தெரியுமாவே?" என்று அவர்களை வரவழைத்துப் பிரமநாயகம் கேட்டார்.

"பரம்பரையா அதுதான் மொதலாளி தொழில்" என்றார் கொம்பையா. அது உண்மை.

முதல் நாள் பிரமநாயகம் சொன்னார்: "பழைய கூரையை அலுங்காம எறக்குங்க. அதைப் பாத்துத்தான் புதுசு வெட்டணும்." சொல்லிவிட்டு ஆலைக்குப் போனார்.

நால்வரும் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எறக்குனா அலுங்கும்" என்றார் மாசானம்.

"அலுங்காம இருக்கணும்னா கூரை அசையப்படாது" என்றார் கொம்பையா.

"ஆமா" என்றார் பிச்சாண்டி.

"கூரை அசையப்படாதுன்னா, அசைய வேண்டியது எது?"

நால்வரும் காரைப் பார்த்தார்கள்.

மாலையில் பிரமநாயகம் வந்தபோது, பழைய கூரை கொட்டகையின் உத்தரத்திலிருந்து கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எலி கூட எழுந்திருக்கவில்லை. கார் தெருவில் நின்றது.

"ஏம்வே, கார் எதுக்குத் தெருவுல நிக்கு?"

"எறக்கியாச்சு மொதலாளி."

பிரமநாயகத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் கூரை உண்மையாகவே அலுங்காமல் இருந்ததால், கோபத்துக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் நல்ல வேளை பார்த்துப் பந்தல்கால் நட்டார்கள். கால் நடாத கூரை பூவாணிக்குளத்தில் கிடையாது. காருக்குள் எங்கே நடுவது என்று நெடுநேரம் பேசினார்கள். டிரைவர் உட்காரும் இடத்தில் அடிப்பலகை மக்கியிருந்ததால் அது தெய்வம் காட்டிய இடம் என்று முடிவாயிற்று. பலகையைத் துளைத்து, தரையில் குழி தோண்டி, மஞ்சள் பூசிய மூங்கிலை நட்டு, மாவிலை கட்டினார்கள்.

ஊர்வலத்தில் காரை ஓட்ட வேண்டிய டிரைவர் அந்தோணி வந்து எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, நா எங்க உக்கார?"

"காலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒம்ம இஷ்டம்."

"சரி. கார் எப்பிடி நகரும்?"

கொம்பையா யோசித்தார். "பந்தல் எங்கயும் நகந்து நாங்க பாத்ததில்லையே."

"வாழமரமும் கட்டிருங்க. ரேடியேட்டர்ல குலை தள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தோணி டீக்கடைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

பிரமநாயகம் தம் கையாலேயே மூங்கிலைப் பிடுங்கினார். அன்றிலிருந்து, வண்டி எந்தச் சாலையில் போகிறது என்பதை அந்தோணி கால்களுக்கிடையே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

ஆனால் தொழில் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரவில்களை நல்ல தேக்கில் வளைத்தார்கள். கித்தானுக்கு மெழுகு காய்ச்சிப் பூசினார்கள். மதுரையிலிருந்து வந்த சாம்பல் நிறக் கம்பளித் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டினார்கள். அதைப் பொருத்தும் நாளன்று பிரமநாயகம் சொன்னது இது:

"உள்துணி தொங்கப்படாது. ஒரு சுருக்கம் இருக்கப்படாது. மேலேருந்து நல்லா இழுத்துப் பிடிக்கணும், கேட்டீரா? அப்புறம் வெளித்துணியைச் சொட்டுத் தண்ணி போகாம மூடிருங்க."

வேலாண்டி வலது காலை வைத்து வில்களின் மேல் ஏறிக் குப்புறப் படுத்தார். உள்துணியின் கயிறுகளை இரு கையாலும் பிடித்து இழுத்தார். கீழே ஒரு சுருக்கம் இல்லை. துணி தம்பட்டம் போல நின்றது. மற்ற மூவரும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு வேலை அவர்கள் கையில் அமைந்ததில்லை.

அடுத்து வெளித்துணியை மூட வேண்டும்.

மாசானம் தயங்கினார். "மேஸ்திரி, மேல வேலாண்டி கெடக்கானே."

"கெடந்தா?"

"மூடுனா உள்ள இருப்பானே."

கொம்பையா கித்தானைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினார். "வேலாண்டி எறங்கணும்னா மொதலாளி வார்த்தை சொல்லணும். வார்த்தை சொல்லணும்னா வேலை முடியணும். வேலை முடியணும்னா கூரையை மூடணும். இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா?"

"இல்லை" என்றார் மாசானம்.

"ஆமா, இல்லை" என்றார் பிச்சாண்டி.

"எலே வேலாண்டி, நீ என்ன சொல்லுதே?"

"மூடுங்க மேஸ்திரி. பனி படாம இருக்கும்" என்றார் மேலிருந்து வேலாண்டி.

மூடினார்கள். ஓரம் முழுவதும் ஆணி அடித்து, மேலே இன்னொரு கை மெழுகும் பூசினார்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி இருந்தது. நடு விளக்கைப் பொருத்துவதற்காக உள்துணியில் வெட்டிய துளையில், விளக்கைப் பொருத்தாமல் விட்டார்கள். அதன் வழியாக ஒரு கை வெளியே வரும். அதில் இட்லி வைத்தால் கை மேலே போகும். இட்லி சற்றுப் பெரிதாக இருந்த நாளில் கை தானே பிய்த்துக்கொண்டது. பின்னால் துளையில் நுழையும் ஒரு சிறு சொம்பைக் கயிறு கட்டி அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள். அந்தச் சொம்பு குடிதண்ணீருக்கு மட்டுமன்று; சொம்பு மேலே போவதற்கு ஒரு காரணம், கீழே வருவதற்கு வேறொரு காரணம்.

கித்தானைத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்படி பிரமநாயகம் சொல்லியனுப்பினார். எங்கே ஊற்றச் சொன்னார் என்பதில் கருத்து வேறுபட்டது. மேலே ஊற்றினால் வேலாண்டி நனையக்கூடும். ஆகவே காருக்குள் ஊற்றினார்கள். ஒரு சொட்டுக் கூட மேலே வரவில்லை. கூரை தேறிவிட்டது. தண்ணீரெல்லாம் பந்தல்கால் துளை வழியாக நல்லபடியாக வெளியேறியது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் பிரமநாயகம் வந்து உள்ளே உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். சாம்பல் துணி சுருக்கமின்றி நிறைந்திருந்தது. ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்தவர் அன்றுதான் மூச்சு விட்டார். நடுவில் மட்டும் கொஞ்சம் புடைப்பாகத் தெரியவே, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். புடைப்பு உள்ளே போய், மறுபடி பழைய இடத்துக்கு வந்தது.

"நல்ல மெத்து மெத்துன்னு இருக்கே. எங்க அப்பா காலத்துல கூட இப்பிடி இல்லை. கதகதப்பா வேற இருக்கு. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"நம்ம வேலாண்டிதான் மொதலாளி" என்றார் கொம்பையா.

"வேலாண்டி வச்சு அடைச்சானா? நல்ல கை."

"அவன் அடைக்கலை மொதலாளி. அவனேதான்..."

அதற்குள் சமையல்காரர் தேங்காய் குறைகிறது என்று ஆள் அனுப்பிவிட்டார். பிரமநாயகம் எழுந்தார். "சரி, சரி. அவனுக்கு ஒரு கரைவேட்டி எடுத்துக் குடுக்கச் சொல்லுதேன்."

மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னவே, இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்லை மொதலாளி. நீங்க ஏதும் சொல்லணும்னு நெனச்சா..."

"ரொம்ப நல்லாருக்கு."

"அதுக்கு மேல?"

"அமோகமா இருக்கு. போதுமா?"

போதாது. அவர் போனபின் மூவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். "வேலையில மனசு நெறையலை போலிருக்கு" என்றார் மாசானம். மேலிருந்து வேலாண்டி, "வேட்டி என்ன கரை?" என்று கேட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது. பிள்ளையார் கோவிலில் கைலாசத்தைக் காரில் ஏற்றியதும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் அன்று, அடைமழை. முன்னால் நாதசுரம் நனைந்தது. பின்னால் சிதம்பரதாணு பெரிய குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடி வழியாக மருமகனின் தலையையே பார்த்தபடி நடந்தார். ஒரு சொட்டு விழவில்லை. பிரமநாயகம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நனைந்து நடந்தார். அவர் முகத்தில் வழிந்தது எது என்று யாரும் கேட்கவில்லை.

"என்ன மேஸ்திரி, வண்டி மேல் பாரமா இழுக்கே?" என்று அந்தோணி ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மேல ஆள் இருந்தா பாரம் இருக்கும்லா" என்றார் கொம்பையா. அந்தோணிக்குப் பதில் தெளிவாகவே பட்டது.

பாதி வழியில் உள்துணியின் துளையிலிருந்து ஒரு கை இறங்கி, மாப்பிள்ளையின் முன்னால் விரிந்தது. கைலாசம் அதைப் பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பது மாமன் உத்தரவு. பெண் வீட்டாரின் வழக்கமாக இருக்கும் என்று எண்ணி, தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை அந்தக் கையில் வைத்தார். கை மேலே போய், சிறிது நேரத்தில் தோலைத் திருப்பிக் கொடுத்தது. மண்டபம் வருவதற்குள் சீப்பு முடிந்துவிட்டது.

மண்டபத்து வாசலில் கார் நின்றது. பெண்ணின் அண்ணன் முத்தையா மாலையோடு நின்றிருந்தான். கார்க் கதவு திறந்ததும் முதலில் இறங்குகிறவர் கழுத்தில் மாலையைப் போட்டுக் காலைக் கழுவ வேண்டும், நிமிர்ந்து பார்ப்பது மரியாதை அல்ல என்று பெரியவர்கள் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

பிரமநாயகம் கதவைத் திறந்தார். இரு கையையும் கூப்பினார். மனம் நிறைந்து சொன்னார்:

"இறங்குங்க."

கூரைக்குள் வேலாண்டி அந்த வார்த்தையைக் கேட்டார். அவர் பரம்பரையில் யாருக்கும் 'இறங்குங்க' என்று மரியாதையோடு சொல்லப்பட்டதில்லை. கண்ணீர் மல்கியது. வலது காலை முதலில் வைத்து இறங்கினார்.

உள்துணி நீளமாகக் கிழிந்தது. வேலாண்டி மாப்பிள்ளையின் மடியில் ஒரு கணம் அமர்ந்து, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கதவு வழியாக வெளியே வந்து நின்றார். மெழுகு, பஞ்சு, வாழைப்பழ நார் எல்லாம் அவர் மேல் இருந்தன. முத்தையா நிமிராமல் மாலையைப் போட்டான். நிமிராமல் காலைக் கழுவினான். கால் கழுவ வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

யாரும் பேசுவதற்குமுன் காருக்குள் இன்னொன்று நடந்தது. இத்தனை நாளும் வேலாண்டியின் முதுகு தாங்கியிருந்த கித்தான், முதுகு இல்லாமல் தொய்ந்தது. மழை அதில் குளமாகத் தேங்கியது. குளம் கீழே இறங்கி, ஓரத்து ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. துணியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

சிதம்பரதாணு அதைப் பார்த்தார். "சம்பந்தி!" என்று கத்தினார். "அது விழுந்துதுன்னா நான் திரும்புதேன்!"

பந்தல்காரர் மூவரும் கார் ஓரமாகக் கூடினார்கள்.

"மேலாள் எறங்குனா பந்தல் எறங்கும். இது தெரிஞ்ச விஷயந்தானே" என்றார் மாசானம்.

"வேலாண்டியைத் திரும்ப ஏத்துவமா?" என்று அவரே கேட்டார்.

"மாலை விழுந்த கழுத்தோட மேல ஏறப்படாது. முறை இல்லை" என்றார் கொம்பையா.

'முறை' என்ற சொல் காதில் விழுந்ததும் சிதம்பரதாணு குடையைத் தாழ்த்தினார். "யாரு ஏறணும்னு முறை?"

"வீட்டு ஆளா இருந்தா விசேஷம் ஐயா. கொஞ்சம் முதுகு அகலமா இருந்தா இன்னும் விசேஷம்."

சொட்டு நீண்டது. சிதம்பரதாணு ஒரு கணந்தான் யோசித்தார். குடையை மாசானத்திடம் கொடுத்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டினார். காருக்குள் நுழைந்து, மருமகனின் தோளில் கால் வைத்து, கிழிந்த உள்துணிக்குள் தலையை விட்டார். கொம்பையாவும் பிச்சாண்டியும் கீழிருந்து தள்ளினார்கள். கித்தான் எழுந்தது. தேங்கிய தண்ணீர் சடசடவென்று பின்பக்கம் கொட்டியது. தொங்கிய சொட்டு மேலே இழுபட்டு மறைந்தது. மாசானம் கிழிசலை ஊசி போட்டு இழுத்துத் தைத்தார். கூரை முன்பைவிட நன்றாக நிறைந்திருந்தது.

"தலை காஞ்சிருக்கா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"காஞ்சிருக்கு ஐயா."

"அப்ப முகூர்த்தத்தைப் பாருங்க. நா எப்ப எறங்கணும்?"

கொம்பையா மரியாதையாக முறையை எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரர் மனம் நிறைந்து தாமே சொல்லும்வரை மேலாள் இறங்குவதில்லை. கேட்டு வாங்கிய வார்த்தை செல்லாது.

"முறைன்னா முறைதான்" என்றார் சிதம்பரதாணு.

இந்த உரையாடலைப் பிரமநாயகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையை அழைக்க வந்தார். இம்முறை அவர் வாயைத் திறக்கவில்லை. கைலாசத்தின் கையைப் பிடித்து, கண்ணால் வழி காட்டிக் கூட்டிப் போனார். மாலை ஏற்கெனவே செலவாகிவிட்டதால் வேலாண்டியிடம் கேட்டு வாங்கிப் போட்டார்கள். தும்மல் இல்லை. மூன்று முடிச்சும் அதனதன் இடத்தில் விழுந்தன. உலகம்மையின் கல்யாணத்தில் எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. எழுந்து போகக்கூடியவர் படுத்திருந்தார்.

பந்தி நடந்தது. மூவரும், கரைவேட்டி கட்டிய வேலாண்டியும் கை கழுவிவிட்டுப் பிரமநாயகத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

"மொதலாளி, நீங்க ஏதும் சொல்லணும்னு நெனச்சா..."

பிரமநாயகம் வெற்றிலையை மடித்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். ஒரு மாதத்தை நினைத்துப் பார்த்தார்.

"நெனச்சா சொல்லுதேன்" என்றார். "சம்பந்திக்கு எலைச் சாப்பாடு போச்சா?"

போயிருந்தது, விளக்குத் துளை வழியாக ஒவ்வொன்றாக. சோறு போயிற்று, சாம்பார் சொம்பில் போயிற்று, பாயசம் இரண்டு தடவை போயிற்று. அப்பளத்தில்தான் சிக்கல் வந்தது. துளையைவிட அப்பளம் பெரிதாக இருந்தது.

"துளையைப் பெருசாக்குவமா?" என்றார் மாசானம்.

"ஒழுகும்" என்றார் கொம்பையா.

"அப்பளத்தை நொறுக்குவமா?"

"ஆமா" என்று பிச்சாண்டி சொல்வதற்குள் கூரை அதிர்ந்தது.

"சம்பந்திக்கு நொறுங்குன அப்பளமா? முழுசா வரலைன்னா," என்று உள்ளிருந்து கர்ஜித்தார் சிதம்பரதாணு, "நா இப்பிடியே கார்லயே திரும்பிப் போயிருவேன்!"